எலெக்‌ஷன் என்றால் விழிக்கும் பெட்டி

சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் பேசுவது தமிழ். படிப்பதும் கையெழுத்துப் போடுவதும் தெலுங்கு. 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர் சித்தூர். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இவர்கள் ஆந்திரப் பக்கமே நின்றார்கள். பள்ளிக்கூடம் பெரும்பாலும் தெலுங்கு என்றானது. அதனால் மணிக்கணக்கில் தமிழில் கதை பேசும் ஒருவர், தனக்கு வந்த தமிழ் வாட்ஸப் செய்தியை வேலூரிலிருந்து வந்த மருமகளிடம் நீட்டி, “என்ன எழுதியிருக்கான், கொஞ்சம் படிம்மா” என்பது அங்கே சாதாரணக் காட்சி.

எழுத்தே வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்கிற கருவி இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தும்விட்டது, ஆனால் அரைகுறையாக. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2014 நவம்பரில் அமெரிக்காவில் அறிமுகமாகி, 2017 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது. 2018 ஏப்ரலில் கூகுள் ஹோம் வந்தது. எக்கோவுக்குள் இருக்கும் அலெக்ஸா முதலில் ஆங்கிலம் பேசியது. 2019 செப்டம்பரில் இந்தி கற்றுக்கொண்டது. தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் கேட்டால் போடும். அதைக் கேட்பதற்கு மட்டும் நாம் ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மாற வேண்டும்.

அதற்கும் நம் ஆட்கள் அசரவில்லை. திருப்பதியில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் பாட்டிக்கு முழங்கால் வலி, கண்ணிலும் புரை. விடியற்காலையில் எழுந்து விளக்குச் சுவிட்சைத் தடவ வேண்டியதில்லை, ரேடியோவைத் திருக வேண்டியதில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே “அலெக்ஸா, ப்ளே சுப்ரபாதம்” என்பார். பெட்டியின் விளிம்பில் நீல வளையம் ஓடும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் எழும். “இந்த மூணு வார்த்தை இங்கிலீஷ் போதும்பா எனக்கு” என்று என்னிடம் சொன்னார். மாத்திரை நேரத்தை நினைவூட்டுவதும் அதே பெட்டிதான். பார்வையில்லாதவர்களுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் இது ஆடம்பரச் சாமான் இல்லை. இன்னொருவரைக் கூப்பிடாமல் ஒரு காரியம் செய்துகொள்ளும் சுதந்திரம். 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில், வீட்டுக்குள் புகுந்த குரங்குகளை விரட்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தி அலெக்ஸாவை நாய்போல் குரைக்கச் சொன்னது செய்தியானது. குரங்குத் தொல்லைக்குப் பழகிய திருமலைவாசிகள் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். சிலர் செய்தும் பார்த்திருப்பார்கள்.

சௌகரியத்தைக் குறைத்துச் சொல்லி அச்சத்தை ஊதிப் பெருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே பாட்டி பேரனை ஏதோ திட்டிக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே அந்த நீல வளையம் ஓடி, “சாரி, ஐ டோன்ட் நோ தட்” என்று பெட்டி இடையில் புகுந்ததையும் பார்த்தேன். வீடே சிரித்தது. என்ன நடந்தது என்பது சிரிப்போடு முடிகிற விஷயம் அல்ல.

பெட்டிக்குள் இருப்பவை அரிசிமணி அளவிலான மைக்குகள். முதல் எக்கோவில் ஏழு இருந்தன: நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. ஏன் இத்தனை? ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு மைக்குகளுக்கு நடுவே 7 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒன்றைத் தொட்டபின் மற்றதைத் தொட ஒரு வினாடியில் ஏறத்தாழ 5,000-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். கருவி ஒலியை வினாடிக்கு 16,000 முறை அளக்கிறது என்றால் அந்தத் தாமதம் சுமார் மூன்று அளவுகள்தான். இந்த நுணுக்கமான வித்தியாசத்தை வைத்தே குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணித்து, அந்தத் திசையைக் கூர்மையாக்கி, குக்கர் விசிலையும் மிக்சி இரைச்சலையும் அடக்கிவிடுகிறது. தான் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு எது என்பது அதற்கே தெரியுமாதலால், கேட்ட ஒலியிலிருந்து அதையும் கழித்துவிடும். சுப்ரபாதம் உரக்க ஓடும்போதும் பாட்டி “ஸ்டாப்” என்றால் நிற்பது இதனால்தான்.

அடுத்தது எழுப்பும் சொல். ‘அலெக்ஸா’, ‘ஹே கூகுள்’ போன்ற ஒரே ஒரு சொல்லை அடையாளம் காண்பதற்கென்று சிறிய நரம்பு வலைப்பின்னல் நிரல் ஒன்று பெட்டிக்குள்ளேயே ஓயாமல் ஓடுகிறது. கடைசிச் சில வினாடிகளின் ஒலி மட்டும் அதன் நினைவகத்தில் இருக்கும். சிலேட்டில் எழுதி எழுதி அழிப்பதுபோல, புதியது வர வரப் பழையது போய்விடும். சொல் பொருந்தியது என்று நிரல் முடிவு செய்த பிறகுதான், அதன்பின் நாம் பேசுவது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே பேச்சு எழுத்தாகிறது, எழுத்திலிருந்து உத்தரவு பிரிக்கப்படுகிறது, பதில் திரும்பி வருகிறது.

அப்படியென்றால், “இது நாள் முழுக்க ஒட்டுக்கேட்டு எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது” என்ற பேச்சு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 16,000 அளவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 2.76 ஜிகாபைட். பத்தில் ஒன்றாகச் சுருக்கினாலும் 270 மெகாபைட்டுக்கு மேல். வீட்டு ரௌட்டரின் கணக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து ஸ்பீக்கர்களுக்கு நூறு மணி நேரத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சித் தொடர்களைப் போட்டுக் காட்டி, போக்குவரத்தை அளந்து சோதித்தார்கள். ஓயாமல் பதிவு செய்வதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றே சொன்னார்கள். ஆகவே அந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டி வைக்கலாம்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. 2020-இல் அவர்கள் முதலில் வெளியிட்ட முடிவின்படி, சில கருவிகள் யாரும் கூப்பிடாமலே நாளுக்கு 19 தடவை வரை விழித்துக்கொண்டன. சில விழிப்புகள் 43 வினாடி வரை நீடித்தன. 43 வினாடியில் ஒரு குடும்பச் சண்டையின் சாரம் முழுக்க வந்துவிடும்.

இது சதியால் வருவது அல்ல, அமைப்பிலேயே இருக்கும் சிக்கல். எழுப்பும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற உறுதி கிடையாது. ‘இவ்வளவு சதவீதம் பொருந்துகிறது’ என்ற மதிப்பெண்தான் உண்டு. எத்தனை மதிப்பெண்ணுக்கு விழிப்பது என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. கறாராக வைத்தால் பாட்டி மூன்று முறை கத்த வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தளர்த்தினால் வேறு சொற்களுக்கும் விழிக்கும். விற்பவருக்கு எந்தப் பிழை வலிக்கும் என்று யோசித்தால், கோடு எந்தப் பக்கம் சாயும் என்பது புரியும்.

ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகத்தினர் அதே 2020-இல், இந்தக் கருவிகளை ஏமாற்றி எழுப்பும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கோவைகளைத் தொகுத்தார்கள். ‘ஓகே கூல்’ என்றால் கூகுள் விழித்தது. அலெக்ஸாவை எழுப்பிய சொற்களில் ஒன்று ‘எலெக்‌ஷன்’. ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாரவாரிபள்ளியும், அவருடைய தொகுதியான குப்பமும் இருக்கிற வட்டாரம் இது. எலெக்‌ஷன் பேசாத கூடம் இங்கே ஏது? தமிழிலும் தெலுங்கிலும் அந்தச் சொல் அப்படியேதான் புழங்குகிறது. போஹும் ஆய்வாளர்கள் சோதித்தவை ஆங்கிலம், ஜெர்மன், சீனம். ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி, தெலுங்கில் திரும்பி, ஆங்கிலத்தில் முடிக்கும் சித்தூர்க் கூடம் அந்தப் பட்டியலில் இல்லை.

தப்பாக விழித்தால் என்ன குடி முழுகிவிடும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2018 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆனது. ஒரு தம்பதி வீட்டில் பேசிக்கொண்டிருந்ததை எக்கோ பதிவு செய்து, கணவரிடம் வேலை பார்ப்பவருக்கு அனுப்பிவிட்டது. அவர் போன் செய்து சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரியும். அமேசான் தந்த விளக்கம் இது: பேச்சில் ஏதோ ஒன்று ‘அலெக்ஸா’ என்று காதில் விழுந்தது, அடுத்தது ‘செய்தி அனுப்பு’ என்று விழுந்தது, “யாருக்கு?” என்று கேட்டதற்கு வந்த சத்தம் ஒரு பெயராகக் கேட்டது, “சரியா?” என்றதற்கு ‘சரி’ என்றும் கேட்டுவிட்டது. நான்கு பிழைகள் ஒரே வரிசையில். உலகம் முழுக்க இத்தனை கோடி வீடுகளில் ஓடும் கருவிக்கு அரிதினும் அரிதானதுகூட எங்கேயாவது நடந்தே தீரும்.

பிழையாகப் பதிவானது மனிதக் காதுக்கும் போகிறது. 2019 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தியைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அலெக்ஸாவின் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் கேட்டு எழுத்தாக்கித் திருத்துகிறார்கள். பாஸ்டன், கோஸ்டாரிகா, ருமேனியாவோடு இந்தியாவிலும் அந்த வேலை நடக்கிறது. ஒருவர் ஒரு ஷிப்டில் ஆயிரம் துண்டுகள் வரை கேட்பதுண்டு என்றது அந்தச் செய்தி. மூன்று மாதம் கழித்து பெல்ஜியத்தின் விஆர்டி செய்தி நிறுவனம், கூகுளுக்காக அப்படிக் கேட்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பெற்று ஆராய்ந்தது. அவற்றில் 153, பதிவாகியிருக்கவே கூடாதவை. யாரும் ‘ஓகே கூகுள்’ சொல்லவில்லை. 2018 இறுதியில் ஜெர்மனியில் ஒருவர் தன்னைப் பற்றிய தகவல்களைக் கேட்டபோது, முன்பின் தெரியாத இன்னொருவர் வீட்டின் 1,700 ஒலிப்பதிவுகளை அமேசான் அவருக்கு அனுப்பிவைத்தது.

கேட்பது எதற்கு என்றால், கருவி கற்றுக்கொள்வதற்கு. இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி நிரல்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர் பேசினால் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை. கறுப்பினத்தவர் பேசினால் 35. ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தக் கதி என்றால் சித்தூர்த் தமிழ் எம்மாத்திரம்? யாருடைய குரல் பயிற்சித் தரவில் குறைவோ, அவரைக் கருவி தப்பாகக் கேட்கும். நம் பேச்சு அதற்குப் புரிய வேண்டுமானால் நம் குரல் அதற்கு வேண்டும்.

குரலைப் பெற நேர்வழியும் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024-இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில், நாட்டின் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு, 22 மொழிகளில் இருக்கிறது. பேசியவர்களுக்குத் தாம் எதற்காகப் பேசுகிறோம் என்று தெரியும். ‘பாஷிணி’ என்ற மத்திய அரசுத் திட்டமும் 2022 முதல் இந்திய மொழிகளுக்கு இதே திசையில் வேலை செய்கிறது. கூடத்து மூலையிலிருந்து தவறுதலாக எடுத்த 43 வினாடிக்கும், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டு வாங்கிய பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூடம் என்றேனே, அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தக் கருவிகள் உருவானது ஆளுக்கொரு அறையும் மூடிய கதவும் உள்ள வீடுகளை மனதில் வைத்து. நம் வீட்டில் எல்லாம் நடப்பது கூடத்தில். சீட்டுக் கணக்கு, பெண் பார்க்க வந்தவர்களின் பேச்சு, மருத்துவர் சொன்னது, வேலைக்கார அம்மாவின் வீட்டுக் கஷ்டம், எல்லாமே அங்கேதான். திருப்பதியில் வீடு வைத்திருப்பவர்களுக்கோ விருந்தாளிக்குப் பஞ்சமில்லை. தரிசனத்துக்கு வரும் உறவினர் மலையேறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் தங்குவது அங்கேதான். செயலியை நிறுவும்போது ‘சம்மதம்’ என்ற பொத்தானைத் தொட்டது அந்த வீட்டுப் பையன் ஒருவன். மற்ற அத்தனை பேர் குரலுக்கும் சேர்த்து அவன் எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும்? திருமலையில் 2023 மார்ச்சில் முகமறியும் கேமராவைத் தேவஸ்தானம் பரிசோதனையாகக் கொண்டுவந்தபோது, அறைக்கும் லட்டுக்கும் முகம் காட்ட வேண்டும் என்பதாவது பக்தருக்குத் தெரிந்திருந்தது. அத்தை வீட்டு அலமாரியில் இருக்கும் காது பற்றி விருந்தாளிக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டமும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24-இல். எக்கோ இந்தியாவுக்கு வருவதற்கு ஆறேழு வாரம் முன்பு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். 18 வயதுக்குக் கீழுள்ளவரின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். மீறினால் அபராதம் கோடிகளில், உச்சம் 250 கோடி ரூபாய். நல்லதுதான். ஆனால் தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம். அத்தையைக் கேட்க முடியாது. ஒரு சுவையான விஷயம்: சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் தெலுங்கும் பேசாத பெட்டி, நிபந்தனைகளை மட்டும் இரண்டிலும் நீட்ட வேண்டிவரும்.

நிறுவனங்கள் தாமாக அடங்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. குழந்தைகளின் குரல்பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கில், 2023-இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அலெக்ஸாவிடம் பேசியதைக் கொண்டு ஆளின் விருப்பங்கள் கணிக்கப்படுவதையும், அந்த ஆளுக்குக் காட்டும் விளம்பரத்துக்கான ஏலத்தொகை 30 மடங்கு வரை ஏறுவதையும் 2022-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான பதிவை வைத்து, இறந்துபோன பாட்டியின் குரலில் பேரனுக்குக் கதை படிக்கும் அலெக்ஸாவை அமேசான் மேடையில் காட்டியது. அதை உருக்கமான காட்சியாக நினைத்துக் காட்டினார்கள். குரலை நகலெடுத்து “அவசரமாகப் பணம் அனுப்பு” என்று போன் செய்யும் மோசடிகள் பெருகும் காலத்தில், எனக்கு அது உருக்கமாகத் தெரியவில்லை. 2025 மார்ச் 28-இல், குரலை அனுப்பாமல் எழுத்தை மட்டும் அனுப்பும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. அது அமெரிக்காவில் சில கருவிகளில் மட்டும் இருந்த வசதி. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிறது.

ஸ்பீக்கர் வாங்காதவர் தப்பித்தார் என்றும் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலும், சில தொலைக்காட்சி ரிமோட்டுகளிலும் இதே பேச்சறி தொழில்நுட்பம்தான்.

அந்தப் பாட்டியிடமிருந்து பெட்டியைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடத்தை மாற்றலாம். கூடத்திலிருந்து எடுத்துப் பாட்டியின் கட்டிலருகில் வைத்தால் அவருக்கும் வசதி. ஊர்ப்பேச்சும் அதன் காதில் விழாது. ஜன்னலோரம் வேண்டாம்: மைக்கின் மேல் லேசர் ஒளியைத் துடிக்கவைத்து, அதையே குரலென்று நம்பவைக்கலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் டோக்கியோ ஆய்வாளர்களும் 2019-இல் 110 மீட்டர் தூரத்திலிருந்து செய்து காட்டியிருக்கிறார்கள். நம் தெருவில் யாரும் லேசரோடு நிற்கப் போவதில்லைதான்; ஆனாலும் அலமாரி மாற்றுவதற்குச் செலவு இல்லையே. மைக்கை அணைக்கும் பொத்தான் பெட்டியிலேயே இருக்கிறது. எக்கோவில் அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், மைக்குக்குப் போகும் இணைப்பே துண்டிக்கப்படும் என்கிறது நிறுவனம். விருந்தாளி வந்தால் அதை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் பெட்டி இருப்பதையாவது சொல்லுங்கள். அமைப்புகளில் பதிவுகளைச் சேமிக்க வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே உள்ளவற்றை அழிக்கவும் வழி உண்டு. ஆனால் ஒலியை அழித்தாலும் சில நேரங்களில் அதன் எழுத்து வடிவம் தங்கிவிடும் என்று அமேசானே 2019-இல் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு எழுதிய பதிலில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செயலியில் பழைய குரல்பதிவுகளின் பட்டியல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலுள்ள எல்லோரையும், பாட்டியையும் பிள்ளைகளையும், உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டுங்கள். கூப்பிடாமல் பதிவானவை எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். பெட்டி எந்த அறையில் இருக்க வேண்டும், இருக்கத்தான் வேண்டுமா என்பதை அதன்பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.